ஓடைக்கரைப் பண்ணை: முன்பணம் கொடுக்கும் முன்

ஐயா, வணக்கம். டர்பனுக்கு அருகே கேம்பர்டவுன் பக்கம் விலைக்கு வந்துள்ள ஓடைக்கரைப் பண்ணையை, வார இறுதிகளில் குடும்பத்தோடு தங்கிவர, சகோதரர்கள் மூவர் பெயரிலும் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது வேளாண் நிலமாக இருந்தால், தென்னாப்பிரிக்காவின் 1970-ஆம் ஆண்டு வேளாண் நிலப் பிரிவினைச் சட்டப்படி, துண்டாக்குவதற்கு மட்டுமன்றி, ஒருவர் பெயரிலுள்ள நிலத்தைப் பிரிக்கப்படாத பங்குகளாகப் பலர் பெயரில் பதிவதற்கும் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் உரிமைப் பத்திரத்தைப் பார்த்துவிடுமாறு உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஓடை நிலத்தைத் தொட்டு ஓடுவதால் தண்ணீர் உங்களுடையதாகிவிடாது. 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, வீட்டுப் புழக்கத்துக்கும் சிறு தோட்டத்துக்கும் அங்கே மேயும் மாடுகளுக்கும் உரிமமின்றி அளவோடு எடுக்கலாம். ஓடையை மறித்து மீன் குளம் அமைப்பது வேறு கதை.

எனக்குப் பெரிய கவலை வெள்ளம்தான். 2022 ஏப்ரலில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மழைக்குப் பிறகும், ‘தண்ணீர் இவ்வளவு தூரம் வராது’ என்று கூசாமல் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். நூறாண்டு வெள்ளக் கோடு, அதாவது சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம் எட்டும் எல்லை, குறித்த வரைபடத்தைக் கேளுங்கள். நேரில் போகும்போது, கரையோர மரக்கிளைகளில் காய்ந்த நாணலும் பிளாஸ்டிக் பைகளும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வீடும் கழிவுநீர்த் தொட்டியும் அக்கோட்டுக்குக் கீழே இருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.