கருப்பட்டிப் பானையை விடாத சித்தெறும்பு

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய காரை வீடு. அடுப்படியில் கருப்பட்டிப் பானை, சீனி டப்பா என்று ஒன்றையும் விடாமல் சித்தெறும்பு மொய்க்கிறது. சாக்பீஸ் கோடு, ஸ்பிரே, மஞ்சள்பொடி எல்லாம் ஆயிற்று. நாலு நாள் அடங்கும். பிறகு வேறு மூலையில் வரிசை கட்டும். ஐப்பசி மழையில் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: முதலில் ஸ்பிரேயையும் சாக்பீஸையும் எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கண்ணில் படுவது இரை தேட வந்த எறும்புகள் மட்டும்தான். ராணியும் குஞ்சுகளும் சுவர் வெடிப்புக்குள்ளோ தரைக்கு அடியிலோ பத்திரமாக இருக்கும். வீட்டுச் சித்தெறும்பில் சில வகைகளுக்கு ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. மருந்து வாடை பட்டதும் கூட்டம் பிரிந்து, ஆளுக்கொரு ராணியோடு வேறு இடத்தில் குடியேறிவிடும். மூலை மாறி மாறி வருவது அதனால்தான். மழை இறங்கினால் வெளியே மண்ணுக்குள் இருப்பவையும் உலர்ந்த இடம் தேடி உள்ளே வந்துவிடும். மஞ்சள்பொடியால் வழிதான் மாறும்.

கூட்டுக்குள் விஷத்தை நாம் கொண்டுபோக முடியாது. அவையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மெடிக்கல் கடையில் போரிக் ஆசிட் பவுடர் கேளுங்கள். கேரம் போர்டு பவுடர் வேண்டாம், சிலது வெறும் மாவு. 100 மி.லி. வெந்நீரில் 2 தேக்கரண்டி சீனியும் கால் தேக்கரண்டி போரிக் பவுடரும் (சுமார் 1 கிராம்) போட்டு, முழுதாகக் கரையும்வரை கலக்குங்கள். சீக்கிரம் சாகட்டும் என்று பவுடரைக் கூட்டினால் காரியம் கெடும்: ஒன்று, எறும்பு வாயே வைக்காது; இல்லையென்றால் கூட்டுக்குப் போய் ஊட்டுவதற்குள் வழியிலேயே செத்துவிடும்.

பஞ்சை அதில் நனைத்து, பக்கத்தில் சிறு துளைகள் போட்ட மூடி டப்பாவுக்குள் வைத்து, வரிசை போகும் வழியிலேயே வையுங்கள். முதல் நாள் கூட்டம் இரண்டு மடங்காகும். பதறித் துடைத்துவிடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டியது. வேறு தீனி கிடைத்தால் இதைத் தேடி வராது என்பதால், கருப்பட்டியை இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பஞ்சு காயக் காய மருந்தின் கடுமை ஏறும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக நனைத்து வைக்க வேண்டும். வரிசை மெலிய ஒரு வாரம் ஆகலாம், முழுதாக ஓய இரண்டு மூன்று வாரம். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் கை எட்டாத இடமாகப் பாருங்கள். டப்பாவின் மேல் ‘விஷம்’ என்று எழுதுங்கள். கலக்கிய கரண்டி மறுபடி சமையலுக்கு ஆகாது.

சீனித் தண்ணீரைச் சீண்டாமலே போகிறதா? குஞ்சு பெருகும் காலத்தில் சில எறும்புகளுக்குப் புரதமோ எண்ணெயோ உள்ள பண்டம்தான் வேண்டும். வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு சீனிப்பாகும் ஒரு துண்டு கருவாடும் வைத்துப் பாருங்கள். கருவாட்டில் மொய்த்தால், வறுத்து அரைத்த நிலக்கடலை 2 மேசைக்கரண்டியில் அதே கால் தேக்கரண்டி பவுடரைப் பிசைந்து வைக்கலாம்.

வரிசை நின்ற பிறகுதான் துளை அடைக்க வேண்டும். முன்னால் அடைத்தால் வேறு வெடிப்பில் கிளம்பும். அங்கணத்து ஓரம், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, குழாய் நுழையும் இடம் ஆகியவற்றைச் சுரண்டி வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசுங்கள். ஓட்டை அடைத்ததும் பழைய தடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதில் அவை விட்டுப்போன வாசனைதான் அடுத்த கூட்டத்துக்கு வழிகாட்டி. சுவிட்ச் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்தால் எதையும் ஊற்றவோ அடிக்கவோ வேண்டாம். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நல்ல பழக்கம்தான். தூசி படிந்தால் அதுவே எறும்புக்குப் பாலமாகிவிடும். இரண்டு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் மேலே நடக்க முடியாமல் மூழ்கும். டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் வாரம் இரண்டு முறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள்.

புறவாசலையும் பாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால், அது சுரக்கும் தேனுக்காகவே எறும்பு அங்கே காவல் இருக்கும். பூச்சி பிடித்த கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். சுவரையோ தட்டட்டியையோ (மொட்டை மாடி) தொடும் மாங்கிளையையும் ஒரு முழம் தள்ளி வெட்டிவிட்டால், மரத்தில் கூடு கட்டும் முசுறு எறும்பும் அந்த வழியாக வீட்டுக்குள் இறங்காது.