பைக்கில் சைடு பேக் மாட்ட ஸ்டாண்டை நாமே செய்யலாமா, கடையில்தான் வாங்க வேண்டுமா?

தாராளமாகச் செய்யலாம். நான்கு வருடமாக என் வண்டியில் இருப்பது நான் செய்ததுதான். உங்களிடமும் நூறு சிசி வண்டிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் கேட்டால் "புல்லட்டுக்கா சார்?" என்கிறார்கள். நூறு சிசிக்காரன் லாங் போகவே மாட்டானா?

எனக்குப் பாடம் கிடைத்தது கொல்லிமலையில். 70 கொண்டை ஊசி வளைவு. பையை சீட்டின் மேல் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தேன். வளைவுக்கு வளைவு சரிந்து, கடைசியில் வலதுபக்கப் பை சைலன்சரில் சாய்ந்துவிட்டது. நாற்றம் வந்த பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். மாற்றுக்கு வைத்திருந்த ஒரே பேண்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

ஊர் திரும்பியதும் கட்டுக்கம்பியை வளைத்து அளவெடுத்தேன். அதே அச்சில் 10 மி.மீ. கம்பியைப் பட்டறையில் வளைத்து, முனைகளில் இரும்புப் பட்டை வைத்து ஓட்டை போட்டார்கள். மேல்முனை கேரியர் போல்ட்டில், கீழ்முனை பின் ஃபுட்ரெஸ்ட்டில். அங்கேதான் தப்பு. என் வண்டியில் பின் ஃபுட்ரெஸ்ட் இருப்பது ஸ்விங் ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கையில். சக்கரத்தோடு அது ஏறி இறங்கும், கேரியர் அசையாது. நடுவில் மாட்டிய கம்பி என்ன செய்யும்? இரண்டே வாரத்தில் ஒரு வேகத்தடையில் வெல்டிங் விட்டுவிட்டது.

வேகத்தடை என்றதும் கோபம் வருகிறது. எங்கள் தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. மனு கொடுத்துப் பார்த்தேன். வந்து, பக்கத்திலேயே இன்னொன்று போட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது முறை கீழ்முனையை ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்கு மாற்றினேன். அது சேஸிஸில், அதாவது வண்டியின் அசையாத சட்டத்தில் இருப்பது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பட்டை கொடுத்து இடது வலது இரண்டையும் இணைத்ததும் ஆட்டம் நின்றது. போல்ட்டுக்கெல்லாம் நைலாக் நட், அதாவது அதிர்வில் லேசில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட். சைலன்சருக்கும் கம்பிக்கும் நான்கு விரல் இடைவெளி.

"சேஸிஸில் வெல்டிங் வைக்கலாமா" என்று யாராவது கிளம்பி வருவார்கள். நான் வைக்கவில்லை ஐயா, எல்லாமே போல்ட்தான். கழற்றினால் வண்டி பழையபடி. அளவு பார்க்க ஸ்டாண்டுக் கம்பிகளை வண்டியில் வைத்தே அவற்றுக்குப் பொட்டு வெல்டிங் போட்டபோதுகூட பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் போட்டோம்.

அப்புறம், பெயின்ட் அடிப்பதற்கு முன் பையை மாட்டிக் கிக்கரை ஒருமுறை முழுதாக மிதித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் குதிகால் பையில் இடிக்கிறது, வலதுபக்கப் பையைக் கழற்றித்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.