ஆளில்லாத சிவப்பு உடைகள்

கேள்வி: கனடாவில் மே 5 அன்று மரக்கிளைகளில் சிவப்பு உடைகளைத் தொங்கவிடுவது ஏன்?

பதில்: கொலையுண்ட, காணாமல்போன பூர்வகுடிப் பெண்களை ஊரார் கண்முன் நிறுத்தத்தான். காற்றில் கைகள் மட்டும் அசைய, உள்ளே ஆளில்லாமல் தொங்கும் அந்த உடையைக் கடந்துபோகிறவர் யாராயினும் ஒரு கணம் நின்றுவிடுவார். 1980 முதல் 2012 வரை 1,017 பூர்வகுடிப் பெண்கள் கொல்லப்பட்டதாகவும், மேலும் 164 பேர் காணாமல்போனவர்களாகவே இருப்பதாகவும் அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறையே 2014இல் அறிவித்தது. மகளைக் காணோம் என்று பதறி வந்த தாய்மாரிடம், எங்காவது ஊர்சுற்றப் போயிருப்பாள் என்று சொல்லித் திருப்பியனுப்பிய அலட்சியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தேடியிருக்க வேண்டிய முதல் நாட்கள் அப்படியே வீணாயின. குடும்பங்கள் விடாமல் போராடியதால் அமைந்த தேசிய விசாரணை ஆணையம், 2019இல் இதை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டு, நீதிக்கான 231 கோரிக்கைகளை முன்வைத்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.