குழந்தைகள் ஒளிந்துகொள்ளும் இடமா?

கேள்வி: புரட்சிக்குப் பின் வந்த தணிக்கைக்குப் பயந்துதானே ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி குழந்தைகளை வைத்துப் படம் எடுத்தார்? அதைப் போய் மாபெரும் கலை என்று கொண்டாடுகிறீர்களே?

பதில்: இதைப் பலரும் சொல்கிறார்கள். ஆண்டுக் கணக்கே உதைக்கிறது. ஈரானில் புரட்சி வந்தது 1979இல். ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிற அவருடைய முதல் குறும்படம் 1970இல் வந்துவிட்டது. புரட்சிக்கு முன்பு ஆண்ட மன்னர் ஷா காலத்திலும் தணிக்கை உண்டு. ஆனால் அவரைக் குழந்தைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பார்த்த வேலை. ஓவியம் படித்து, விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், சிறுவர்களுக்கான ‘கானூன்’ நிறுவனத்தில் திரைப்படப் பிரிவைத் தொடங்கப் போனார்.

தணிக்கை அவரை விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. பிற்காலப் படங்கள் பலவற்றைச் சொந்த நாட்டுத் திரையரங்குகளில் காட்ட முடியவில்லை. சரி, பயந்தவர் எடுக்கிற படமா ‘செர்ரியின் சுவை’? தற்கொலைக்கு முடிவெடுத்த ஒருவர், தன்மேல் மண் அள்ளிப்போட ஆள் தேடி டெஹ்ரானுக்கு வெளியே காரில் அலைகிறார். 1997 கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை ஜப்பானிய இயக்குநர் இமாமுராவின் படத்தோடு பகிர்ந்துகொண்ட படம் அது.

‘நண்பனின் வீடு எங்கே?’ (1987) பார்த்திருக்கிறீர்களா? சிறுவன் அஹ்மத், பக்கத்து இருக்கைப் பையனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிடுகிறான். நாளைக்கும் நோட்டில் எழுதாமல் வந்தால் அவனைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வீட்டில் யார் காதிலும் இது ஏறவில்லை. அந்த நோட்டோடு மலைப்பாதையில் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். ஒரு பையனின் பதைப்பை இவ்வளவு மதித்து எடுத்த படங்கள் மிகக் குறைவு. பெரியவர்கள் காது கொடுக்காததைக் கேமரா கேட்கிறது. ஒளிந்துகொள்ள இடம் தேடியவரால் இப்படி எடுக்க முடியாது.

அப்புறம், 1990 ஜூனில் அந்தப் படம் எடுத்த பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நடித்த பையன்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கக் கியரோஸ்தமி மகனைக் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினார். ‘வாழ்க்கை தொடர்கிறது’ (1992) அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது. பையன்கள் கிடைத்தார்களா என்று அதில் அவர் காட்டவில்லை. கார் செங்குத்தான மேட்டில் திணறி ஏறுவதோடு படம் முடிகிறது. 1994இல் வந்த ‘ஒலிவ மரங்களினூடே’ படத்தைப் பாருங்கள். இரண்டு பையன்களும் வளர்ந்து, அதில் வருகிறார்கள்.