தெருவில் ஆடுவது எப்படி ஆய்வாகும்?

நடனம் படிக்கும் மாணவி, ஒரு குடியிருப்புப் பகுதியில் மக்கள் பொது இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருக்கிறேன், அதை இம்ப்ரொவைசேஷன் வழியாக, அதாவது முன்பே அமைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை ஆடி, செய்யச் சொல்கிறார்கள், இது ஆய்வா இல்லை தெருவில் ஒரு நிகழ்ச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவராக இரண்டு வருடம் இதைச் செய்தேன், இப்போது இளைய மாணவர்களோடு களத்துக்குப் போகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆய்வாகும். ஆனால் நீங்கள் ஆடியதைப் பார்த்து அங்கே வசிக்கிறவர் "அப்படி இல்லை" என்று சொல்லவும், சொன்ன பிறகு உங்கள் ஆட்டம் மாறவும் இடம் இருந்தால்தான்.

எங்கள் முதல் களத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். சின்னப் பூங்கா, நடுவில் ஒரு நீளமான சிமென்ட் இருக்கை, நாங்கள் போன எல்லா மாலையும் அது காலியாகவே கிடந்தது. வயதான பெண்கள் அதைத் தாண்டிப் போய்ச் சுவரோரமாக நின்றபடி பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஐந்து பேர் அந்த இருக்கையை வைத்து இருபது நிமிடம் இம்ப்ரொவைஸ் செய்தோம், எங்கள் உடம்பில் வந்ததெல்லாம் தனிமை, விலகல், யாரோ வராமல் போனது மாதிரியான அசைவுகள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நேராக வந்து இருக்கையில் உட்கார்ந்தார், கழுத்தை முழுதாகத் திருப்பிப் பின்னால் பார்த்தார், கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சுவரோரம் போய் நின்றார். "இங்கே நின்னா பிள்ளைங்க விளையாடுறது தெரியும், அங்கே உட்கார்ந்தா முதுகைத்தான் காட்டணும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இருக்கை தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கேள்வித்தாளில் "பூங்கா வசதி திருப்தியா" என்று கேட்டிருந்தால் அவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாங்கள் தப்பாக ஆடியதுதான் அவரை எழுந்து வரவைத்தது.

இதில் இம்ப்ரொவைசேஷன் எதற்கு, ஒரு கேமராவை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கேமராவுக்கு அதன் இடம் உண்டு. நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் 1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, நின்று பேசுகிறவர்கள் ஒதுங்கிப் போகாமல் ஆட்கள் நடக்கும் வழியின் நடுவிலேயே நிற்கிறார்கள் என்று கண்டார், அதைப் படம் இல்லாமல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் படம், எடுக்கப்பட்டவரிடம் எதையும் கேட்பதில்லை. ஆடுகிறவர் அங்கேயே, அந்த நேரத்திலேயே, ஒரு ஊகத்தை உடம்பில் எல்லாரும் பார்க்க வைத்துவிடுகிறார். முன்பே அமைத்த நடனமாக இருந்தால் யார் குறுக்கே வந்தாலும் அது நின்றுபோகும். மனோதர்மமாக ஆடினால் குறுக்கே வருகிறவரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார். 1972ல் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷனில் அடுத்தவரின் எடை எங்கே போகிறது என்று தொடுதலிலேயே கேட்கப் பழகுவோமே, அந்தக் காதுதான் தெருவிலும் வேலை செய்கிறது. தெருவில் யாரையும் தொட மாட்டீர்கள், அது வேறு.

சும்மா போய் ஆடினால் ஒன்றும் கிடைக்காது, ஸ்கோர் வேண்டும், அதாவது எதைக் கவனிப்பது, அப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே வகுத்த சிறு குறிப்பு. நடனக் கலைஞர் அன்னா ஹால்ப்ரினும் நிலத்தோற்ற வடிவமைப்பாளரான அவர் கணவர் லாரன்ஸ் ஹால்ப்ரினும் 1966லும் 1968லும் நடனக்காரர்களையும் கட்டடக்கலைக்காரர்களையும் சேர்த்துக் கலிபோர்னியாவில் பட்டறைகள் நடத்தினார்கள், நகரத்தில் எங்கே போவது, அங்கே என்ன கவனிப்பது என்று அதில் ஸ்கோர் கொடுத்தார்கள். 1969ல் லாரன்ஸ் அந்த வேலைமுறையை நான்கு பகுதிகளாக எழுதினார்: கையில் இருக்கும் வளம், ஸ்கோர், நிகழ்த்துவது, அதை மதிப்பிட்டு மாற்றுவது. நான்காவதை மாணவர்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஸ்கோர்கள் ரொம்ப எளிமையானவை. "இந்த மூலையில் யார் வேகத்தைக் குறைத்தாலும் நீயும் குறை, ஏன் என்று தெரியும்வரை வேகத்தைக் கூட்டாதே" என்பது ஒன்று. அதை வைத்தே ஒரு நடைபாதையில் உடைந்து கிடந்த வடிகால் மூடியையும், மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் தவிர்க்கிற சந்து ஒன்றையும் கண்டுபிடித்தோம். மூடி கண்ணில் பட்டது, சந்து விஷயம் எங்கள் தோழி ஒருத்தியின் உடம்பில் பட்டது. அங்கே வந்ததும் தோள் தானாக இறுகியது என்று குறிப்பில் எழுதினாள், பிறகு அந்தப் பகுதிப் பெண்களிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அவள் தோள் இறுகியது ஆதாரம் ஆகாது, போய்க் கேட்கவேண்டிய கேள்வி எது என்று காட்டியது, அவ்வளவே. உடம்பு சொல்வதை அப்படியே முடிவாக எழுதிவிடுகிற அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

இப்போது ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. எங்கள் குழுவில் ஒருவர், கால் சாய்த்து நடக்கும் ஒரு பெரியவரின் நடையை எடுத்து ஆடினார். நல்ல எண்ணத்தில்தான், அந்தத் தெரு அவருக்கு எவ்வளவு கடினம் என்று காட்டத்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து வேறு வழியாகப் போனார். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். "கேட்டிருந்தா நானே நடந்து காட்டியிருப்பேனே" என்றார். அதற்குப் பிறகு எங்கள் விதி இதுதான்: ஒருவர் போகும் பாதையை எடுக்கலாம், நிற்கும் இடத்தை எடுக்கலாம், வேகத்தை எடுக்கலாம், அவருடைய உடம்பை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கல்லூரி தரும் ஒப்புதல் படிவத்தில் இது இருக்காது, நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடி முடித்ததும் பார்த்தவர்களிடம் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ல் உருவாக்கிய கருத்துச் சொல்லும் முறை எங்களுக்கு ரொம்பவே உதவியது. முதலில் பார்த்தவர்கள் எது மனதில் நின்றது என்று சொல்வார்கள், அப்புறம் ஆடியவர் கேள்வி கேட்பார், பிறகு பார்த்தவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகள் கேட்பார்கள், கடைசியில்தான், ஆடியவர் சம்மதித்தால், அபிப்பிராயம். தெருவில் அதை அப்படியே செய்ய முடியாது, நாங்கள் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். சொன்னதை அன்றே எழுதிவிடுங்கள், யார் சொன்னது, எந்த அசைவுக்குப் பிறகு சொன்னது என்பதோடு. ஒரு வாரம் கழித்து எழுதினால் நீங்கள் ஆடியதுதான் நினைவில் இருக்கும், அவர்கள் சொன்னது இருக்காது.

முதல் வாரம் ஆடவே வேண்டாம். ஒரே இடத்தில் காலை, மதியம், மாலை, இரவு என்று போய் உட்காருங்கள், அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் முகம் பழகட்டும்.

இன்னொன்று, கிளம்புவது. நியூயார்க்கின் அர்பன் புஷ் விமன் நடனக் குழு ஒரு சமூகத்துக்குள் நுழைவது, சேர்ந்து கட்டுவது, வெளியேறுவது மூன்றையும் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கிறது. எங்களுக்கு அப்போது அது தெரியாது. கடைசி நாள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது பூங்காப் பிள்ளைகள் "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார்கள், எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது களத்துக்குப் போகும் முதல் நாளே, எங்கள் பெயரோடு, எந்தத் தேதியில் கிளம்புவோம், எழுதியதை எந்தத் தேதியில் கொண்டுவந்து படித்துக்காட்டுவோம் என்று ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டிவிடுகிறோம்.