போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டாமா?

இந்தியாவில் வேண்டாம். உள்துறைச் செயலரின் எழுத்துப்பூர்வ ஆணை போதும். அது 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. 1996-இல் பியுசிஎல் (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளங்களின் வழிவந்த விதி இது.

கோளாறு எங்கே என்றால், அந்த ஆணை சரியா என்று பார்க்கும் மறுஆய்வுக் குழுவில்தான். ஒன்றிய அளவில் அமைச்சரவைச் செயலர், சட்டத்துறைச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர் என்று எல்லோரும் அரசு அதிகாரிகளே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தகவலே வராது. பிறகு எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

பெரும்பாலும் குற்றப்பத்திரிகையில் உரையாடல் பதிவு வரும்போதுதான் தெரியும். அப்போது உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது: ஆணையின் நகல் எங்கே, பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்குப் போயினவா? போகாததும் ஒரு காரணமாக, ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் பிறப்பித்த ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.