முதல் சிங்கிள் மால்ட் பாட்டில் எது? உங்க கேள்விக்கு பதில் சொல்றேன்

ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி பத்தி கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதை சேர்த்துட்டேன்.

கோவைத்தம்பி: அண்ணா, சிங்கிள் மால்ட்னா ஒரே பீப்பாயில இருந்து எடுத்ததா?

இல்ல தம்பி, பாதி பேர் இப்படித்தான் நினைச்சிட்டு இருக்காங்க. சிங்கிள்ங்கறது ஒரே டிஸ்டில்லரி, அதாவது சரக்கு வடிக்கற ஒரே ஆலைங்கறதுக்கு, மால்ட்ங்கறது முளைகட்டின பார்லி மட்டும்தாங்கறதுக்கு. அதை செம்புப் பாத்திரத்துல, பாட் ஸ்டில்னு சொல்வாங்க, வடிச்சு ஸ்காட்லாந்துலயே ஓக் பீப்பாயில குறைஞ்சது 3 வருஷம் வைக்கணும், பாட்டில்ல ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது. இதெல்லாம் சட்டம், 2009ல தெளிவா எழுதி வச்சுட்டாங்க. ஒரே டிஸ்டில்லரியோட பல பீப்பாய்களை கலந்துதான் ஒரு கிளென்ஃபிடிக் 12 வருது, 12ங்கறது பீப்பாயில இருந்த வருஷம். ஒரே பீப்பாய்தான் வேணும்னா லேபிள்ல சிங்கிள் காஸ்க்னு போட்டிருக்கும், அது வேற ரகம். பிளாக் லேபிள் மாதிரி பிளெண்டட்ல பல டிஸ்டில்லரி மால்ட்டோட கிரெயின் விஸ்கியும், அதாவது மத்த தானியமும் சேர்த்து செஞ்ச விஸ்கியும் சேரும்.

ராக்கெட்_84: ப்ரோ சுத்தி வளைக்காம சொல்லுங்க, முதல் பாட்டில் எது?

சொல்றேன், ஆனா ரெண்டே ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, ஒண்ணு பீப்பாய், ரெண்டாவது புகை. வயசு, விலை, டப்பா அழகு எல்லாம் அப்புறம்.

பீப்பாயில முக்கியமா ரெண்டு வகை. போர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்னா வெனிலா, தேங்காய், தேன் வாசனை வரும். அமெரிக்காவுல போர்பன் செய்யணும்னா உள்பக்கம் கருக்கின புது ஓக்தான் யூஸ் பண்ணணும்னு சட்டம், அதனால ஒரு தடவை யூஸ் பண்ண பீப்பாய் எல்லாம் குவிஞ்சு ஸ்காட்லாந்துக்கு வந்துடுது. ஷெர்ரி பீப்பாய்னா ஸ்பெயின் ஒயின் ஊறினது, உலர்திராட்சை, அத்திப்பழம், பட்டை கிராம்பு மாதிரி வாசனை. கிளென்மோரஞ்சி ஒரிஜினல் முதல் வகைக்கு நல்ல உதாரணம், அவங்க ஸ்டில் ஸ்காட்லாந்துலயே உயரமானது, 5 மீட்டருக்கு மேல, கனமான ஆவி மேல ஏற முடியாம திரும்ப கீழ விழுந்துடும், அதனால சரக்கு லேசா பூ வாசனையோட இருக்கும். ரெண்டாவது வகைக்கு கிளென்டிரோனாக் 12. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியணும்னா பால்வெனி டபுள்வுட் 12, போர்பன் பீப்பாயில வச்சுட்டு கடைசியில ஷெர்ரிக்கு மாத்துவாங்க. ஒரே ஒரு பாட்டில்தான்னா நான் இந்த பால்வெனியைத்தான் கையில கொடுப்பேன்.

மழைக்காலம்: லஃப்ராய்க் குடிச்சேன், ஆஸ்பத்திரி வாசனை. கெட்டுப்போன பாட்டிலா சார்?

கெட்டுப்போகல சார், அதோட குணமே அதுதான், அதை ரசிக்கறவங்க உலகம் பூரா இருக்காங்க. முளைகட்டின பார்லியை காய வைக்கணும்ல, இது வர்ற ஸ்காட்லாந்தோட ஐலா தீவுல மரம் ரொம்ப கம்மி, சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிப்போன செடி கொடி இருக்கு பாருங்க, பீட்னு பேரு, அதை வெட்டி காய வச்சு எரிச்சாங்க, அந்தப் புகை பார்லியில ஏறி பீனால்னு ஒரு வகை ரசாயனத்தை விட்டுட்டுப் போகுது, அதுதான் டிஞ்சர், டெட்டால் நெனப்பு வர்றதுக்குக் காரணம். லஃப்ராய்க், லகாவூலின், ஆர்ட்பெக் மூணும் தெக்குக் கரையில பக்கத்து பக்கத்துல இருக்கு, மூணுமே பலமான புகை. முதல் முதலா இதுல இறங்கினா பயந்துட்டு சிங்கிள் மால்ட்டே வேண்டாம்னு போயிடுவாங்க, எனக்கு அதுதான் வருத்தம். ஸ்கை தீவு டாலிஸ்கர் 10 இல்லன்னா ஆர்க்னி தீவோட ஹைலேண்ட் பார்க் 12ல ஆரம்பிங்க, புகை இருக்கும் ஆனா அடிக்காது. ஆறு மாசம் கழிச்சு அதே லஃப்ராய்க்கை திரும்ப எடுத்துப் பாருங்க.

ஊர்சுத்தி: அப்ப ஐலான்னாலே புகை, ஸ்பேசைடுன்னாலே இனிப்பு, கரெக்டா?

முழுசா இல்ல. ஐலாவுலயே புன்னஹாவன் 12, ப்ரூக்லாடி கிளாசிக் லாடி ரெண்டுலயும் பீட் புகை கிடையாது. சட்டப்படி ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்பல்டவுன்னு அஞ்சு பகுதி. அது ஊர் அடையாளம் மட்டும்தான், ருசிக்கு அதை நம்பி காசு போடாதீங்க.

வெள்ளிக்கிழமை: 12ஐ விட 18 நல்லதுதானே?

விலை ஜாஸ்தி, அவ்வளவுதான் உறுதியா சொல்லலாம். லேபிள்ல இருக்கற வயசு உள்ள கலந்ததுலயே சின்னதோட வயசு. பீப்பாயில ரொம்ப நாள் வச்சா மர வாசனை தூக்கலாயிடும், புகையும் மங்கிடும், புகைப்பிரியர் நிறைய பேர் 10 வருஷத்தையே விரும்பறது அதனாலதான். வயசே போடாத ஆர்ட்பெக் ஊகடால், அபர்லார் அபூனா எல்லாம் அருமையான சரக்கு. கலரைப் பாத்தும் ஏமாறாதீங்க, கேரமல் கலர் சேர்க்க சட்டத்துலயே அனுமதி இருக்கு, ஜெர்மனியில வித்தா அதை லேபிள்ல எழுதியாகணும்.

புதுசு_புதுசு: தண்ணி ஊத்தினா பாவம்னு ஃப்ரெண்டு திட்றான்.

ஊத்துங்க, தைரியமா ஊத்துங்க. ஸ்காட்லாந்துல விஸ்கியை கலக்கற பிளெண்டர்களே தண்ணி விட்டுத்தான் மோந்து பாப்பாங்க. 2017ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணிப் பாத்தாங்க, தண்ணி சேரும்போது புகை வாசனை தர்ற குவையகால் ஆல்கஹாலோட சேர்ந்து மேற்பரப்புக்கு வருது, அதனாலதான் மூக்குக்கு நல்லா தெரியுதுன்னு சொன்னாங்க. முதல்ல சும்மா ஒரு வாய், அப்புறம் ஸ்பூன்ல சொட்டு சொட்டா. ஐஸ் போட்டா ஆல்கஹால் காரத்தோட வாசனையும் அடங்கிடும், வெயிலுக்கு வேணும்னா போட்டுக்கோங்க, ஆனா புது பாட்டிலை முதல் தடவை ஐஸ் இல்லாம பாருங்க. கிளாஸ் வாய் குறுகலா இருந்தா நல்லது. மிக்சர், சிக்கன் 65 எல்லாம் பக்கத்துல வேண்டாம், நாக்கு எரிஞ்சுட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது.

நலம்விரும்பி: தினமும் ஒரு பெக் இதயத்துக்கு நல்லதாமே?

நம்பாதீங்க. எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானது இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவா சொல்லிடுச்சு. குடிக்காதவங்க இதைக் காரணம் காட்டி ஆரம்பிக்க வேண்டாம், மாத்திரை எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ருசிக்குன்னா எப்பவாவது 30 மில்லி, மெதுவா, அன்னைக்கு வண்டியைத் தொடாதீங்க.

அத்தைமகள்: நான் குடிக்கறதில்ல, அப்பாவுக்கு பிறந்தநாள் பரிசு. திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

அப்பா இவ்வளவு நாள் என்ன குடிச்சார்னு முதல்ல கேளும்மா. பிளாக் லேபிள் பிடிக்கும்னா அதுலயே லேசா புகை இருக்கு, டாலிஸ்கர் அவருக்கு பொருந்தும். இனிப்பு பிடிக்கறவர்னா கிளென்டிரோனாக். படுக்க வைக்காம நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில வைக்கச் சொல்லு, சாயற பாட்டில்ல கார்க் ஊறி கெட்டுடும். பாட்டிலுக்குள்ள அதுக்கு வயசு கூடாது, 12ன்னு வாங்கினா என்னைக்கும் 12தான். திறந்தப்புறம் பாதிக்கு மேல இருந்தா மாசக்கணக்குல நல்லா இருக்கும், கால்வாசிக்கு வந்துட்டா காத்து நிறைய பட்டு வாசனை மங்கும், அதுக்கப்புறம் சேர்த்து வைக்க வேண்டாம்.